சாக்குமூஞ்சி ஏழாம் பாகமும் ஒரு காலிக் கட்டமும்

வாங்க, உக்காருங்க. சாக்குமூஞ்சி எட்டாம் பாகத்துக்குக் கன்டினியூட்டி பாக்க வந்திருக்க மூணு பேரும் நீங்கதானா? சந்தோசம். நேத்து உங்கள்ல ஒருத்தர் போன் போட்டு, "மேடம், ஷீட்டுல கடைசியா 'சிரிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அது எதுக்கு? எடுத்துரலாமா?"ன்னு கேட்டீங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டதுல தப்பும் இல்ல. அந்தக் கட்டம் வேண்டாம்னு நானே ஒரு காலத்துல நின்னவதான். ஆனா இப்ப சொல்லுதேன், வேற எந்தக் கட்டத்த வேணும்னாலும் எடுங்க. அதத் தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

என் ஊரு நாசரேத். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்துல வேல பாத்தவுக. வீட்டுல சகுனம், நல்ல நேரம், திருஷ்டி ஒண்ணும் கெடயாது. பூனை குறுக்க போனா, பூனைக்கு என்ன சோலியோன்னு நெனச்சுக்கிட்டு நாங்க எங்க சோலியப் பாத்துப் போவோம். அப்படி வளந்தவ, ஆள வெட்டிக்கிட்டே இருக்க ஒரு படத்துல வந்து சேந்தேன். மூஞ்சியில சாக்கு மாட்டுன ஒருத்தன், கையில அரிவாள், பாகத்துக்கு எட்டுப் பத்து பொணம். முதல் பாகம் முடிஞ்சதும் இதோட ஒழிஞ்சதுடான்னு நெனச்சேன். அது ஓடுன ஓட்டத்துல ஏழு பாகம் வந்துட்டு. மலை பங்களாவுல கொன்னாச்சு, ஹாஸ்டல்ல கொன்னாச்சு, ரயில்ல, கல்யாண மண்டபத்துல, தியேட்டர்லயே கூட கொன்னாச்சு. வெட்ட எடம் இல்லாமத்தான் ஏழாவதுக்குத் தூத்துக்குடிக்கு வந்தாங்க.

எந்த ஆளுக்கு எந்தப் பக்கம் வெட்டு, எந்தச் சட்டையில எவ்வளவு ரத்தம், எந்தச் செருப்பு கால்ல கெடந்துச்சு, எது வாசல்ல கெடந்துச்சு, இதான் என் பொழப்பு. ரத்தத்துல நான் தப்பு விட்டதே இல்ல. பெருமைக்குச் சொல்லல, பெருமைக்கும்தான் சொல்லுதேன். படத்த நிறுத்தி நிறுத்திப் பாத்துக் குத்தம் கண்டுபுடிக்குத பயலுவ இருக்கானுவல்ல, அவனுவளுக்கு ஏழு பாகத்துலயும் என்கிட்ட ஒண்ணும் சிக்கல. நான் விட்ட தப்பு வேற. அது எந்தப் பயலும் படத்துல பாக்க முடியாத தப்பு.

நம்ம தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பொணமா நடிச்ச ஆள, ஷாட் முடிஞ்ச கையோட கேமரா முன்னால சிரிக்க வச்சு ஒரு படம் எடுப்பாங்க. செத்த மொகத்தோட விட்டுரக் கூடாது, கடைசியாப் பதியுதது சிரிச்ச மொகமா இருக்கணும்னு ஒரு நம்பிக்கை. குடும்பப் படத்துல எப்பவாவது ஒரு பொணம். நம்ம படத்துல வாரத்துக்கு மூணு. லைட்டு போயிட்டு இருக்கும், அடுத்த ஷாட்டுக்குக் கேமராவத் தூக்கியாச்சு, இந்தாளு ஒரு பக்கம் ஈன்னு இளிச்சுக்கிட்டு நிப்பான். எனக்கு எரிச்சலா வரும்.

இதுல விடாப்பிடியா நின்னது யாருன்னா, சாக்கு மாட்டி வெட்டுத ஆளேதான். தூத்துக்குடி பக்கத்துல புதுக்கோட்டைக்காரர், ஸ்டன்ட் ஆளு. ஆறு பாகத்துலயும் அந்தச் சாக்குக்குள்ள இருந்தது அவருதான். நான் அண்ணாச்சிம்பேன். நான் கண்ணாடியும் பரீட்சை அட்டையுமா அலையுததப் பாத்துட்டு அவரு என்னைய டீச்சர்ம்பாரு. கட் சொன்னதும் சாக்கக் கழட்டிட்டு, வெட்டுப்பட்டுக் கெடக்க ஆளு பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, தோளத் தொட்டு, என்னத்தயாவது கேலி பேசிச் சிரிக்க வச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. "நான் வெட்டுன ஆள நான்தான டீச்சர் எழுப்பி விடணும்"ன்னு சொல்லுவாரு. "அண்ணாச்சி, இது மூடநம்பிக்கை"ம்பேன். "இருந்துட்டுப் போட்டும். உங்களுக்கு என்ன, ஒரு டிக்குதான!"ம்பாரு. அவரு தொல்ல தாங்காமத்தான் ஷீட்டுல அந்தக் கட்டத்தப் போட்டேன். ஆறு பாகத்துலயும் ஒரு கட்டம் காலியா கெடயாது.

ஏழாம் பாகத்துக்கு வந்த டைரக்டர் தம்பி புது ஆளு, நல்ல பையன், வேலையில சுறுசுறுப்பு. ஆனா சாக்குக்குள்ள ஒரு பெரிய நடிகர் வேணும்னுட்டாங்க. அண்ணாச்சிக்கும் இடுப்பு போயிட்டு. விழுதது, எகிறுதது மாதிரி ரெண்டு மூணு ஷாட்டுக்கு மட்டும் அவரு. மத்ததுக்குப் பெரிய நடிகர். அவரு கட் சொன்னதும் நேரா கேரவனுக்குப் போயிருவாரு. அவரக் குத்தம் சொல்லல, வெட்டுன ஆளே எழுப்பி விடணும்ங்கது அண்ணாச்சியோட வழக்கம், அவருக்குத் தெரியாது.

உப்பளத்துல ஒரு பொணம் இருந்துச்சு. மலை மாதிரி குவிச்ச உப்பு அம்பாரத்துக்குள்ள ஒரு பொண்ணப் பொதைச்சிருப்பான். மொகமும் ஒரு கையும் மட்டும் வெளிய தெரியும். மெட்ராஸ்ல இருந்து கூட்டிட்டு வந்த பொண்ணு அந்த வெள்ளக் கூச்சத்துல கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருந்தா. அப்பத்தான் அவளுக்குப் பதிலா பிலோமி வந்தா. புன்னைக்காயல்காரி, முப்பது வயசு இருக்கும், வீட்டுல தையல் வேல. அப்பாவும் அண்ணனும் சங்கு குளிக்கப் போறவுக. சாக்குமூஞ்சி ஆறு பாகத்தையும் பாத்தவ. வந்த உடனே அண்ணாச்சியப் புடிச்சுக்கிட்டா. "மூணாம் பாகத்துல ஏணியில ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்கிட்டு, நான் பாத்தேன்"ன்னா. அவரு ஆடிப் போயிட்டாரு.

"ஏளா, எவ்வளவு நேரம் அசையாம கெடப்ப?"ன்னு கேட்டேன்.

"சாவச் சொல்லுங்க, செத்துக் கெடக்கேன். மூச்சடக்குதது எங்க குடும்பத் தொழில் டீச்சர்."

ஆர்ட் ஆளுங்க அம்பாரத்தக் குடைஞ்சு உள்ள ஒரு பலகைப் பெட்டி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள அவ மல்லாக்கச் சாஞ்சு நிப்பா, மேலாக்க மட்டும் உப்பத் தள்ளி மூடுவாங்க. குளோஸ்-அப் ரெண்டு எடுத்தோம். ரெண்டு தடவையும் கட் சொன்னதும் அவளே உப்பத் தள்ளிவிட்டுட்டு ஏறி வந்துட்டா. நானும் அண்ணாச்சியும் பக்கத்துலயே நின்னோம். அவரு என்னமோ சொன்னாரு, அவ கெக்கெக்கேன்னு சிரிச்சா, நான் டிக் போட்டேன். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

அடுத்தது தூரத்து ஷாட். கேமரா வரப்புக்கு அந்தப் பக்கம், நல்ல தூரம். அதுக்கு ஒரு பொம்மை செஞ்சு வச்சிருந்தாங்க, பிலோமி வந்த பொறவு மூஞ்சிய அவள மாதிரியே மாத்தியிருந்தாங்க, அதே சேலை. அண்ணாச்சி, காஸ்ட்யூம் ஆளுங்க எல்லாரும் பிலோமி சோலி முடிஞ்சதுன்னு வண்டிப் பக்கம் போயிட்டாங்க. அந்த நேரம் டைரக்டர் தம்பி ஓடி வந்து, "மேடம், பொம்மை பொம்மையாவே தெரியுது, பிலோமியவே நிக்க வச்சிரலாம்"ன்னாரு. சரின்னேன். நானே போயி அவள மறுபடி பெட்டிக்குள்ள எறக்குனேன். ஆர்ட்ல ரெண்டு பேரு உப்பத் தள்ளிட்டு, பொம்மையக் கொண்டுபோயி தகரக் கொட்டகையில போட்டுட்டு, கடற்கரையில அடுத்த செட்டு போட ஓடிட்டாங்க. "நான் வந்து தொடுத வரைக்கும் அசையாத"ன்னு பிலோமிகிட்ட சொல்லிட்டு வந்தேன். பொம்மை இல்ல, ஆளுதான்னு வாக்கிடாக்கியில எல்லாருக்கும் நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஷீட்டுல எழுதினேன். எழுதிட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரின்னு ஒரு நெனப்பு எனக்கு.

ஷாட் முதல் டேக்லயே ஓகே. சூரியன் எறங்கிட்டு இருக்கு. கடற்கரையில கதாநாயகி தண்ணிக்குள்ள நிக்கணும், அந்த வெளிச்சத்துல மட்டுந்தான் அத எடுக்க முடியும். எல்லாரும் ஓடுதாங்க. நான் மெகாபோன எடுத்து, "பிலோமி, முடிஞ்சது, வாம்மா"ன்னு ரெண்டு தடவ கத்துனேன். முந்தி ரெண்டு தடவையும் அவளே ஏறி வந்தவதான, வந்துருவான்னு வண்டியில ஏறிட்டேன். உப்பளத்துக்காரங்க மத்தியானமே வேல முடிச்சுப் போயிட்டாங்க. அங்க ஒரு குருவி கூட கெடயாது.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்துட்டு. நான் ஷீட்ட வரிசையாப் பாக்கேன். வெட்டு வலது பக்கம், டிக். சேலை, டிக். வளையல், டிக். கடைசிக் கட்டம் காலி.

காஸ்ட்யூம் வண்டிக்குப் போன் போட்டேன். "பிலோமியா? அவ அப்பவே முடிச்சுட்டாளே, மேக்கப் வண்டியில இருப்பா"ன்னாங்க. மேக்கப் வண்டிக்குப் போட்டேன். "எங்க கூட இல்லயே, காஸ்ட்யூம்ல இருப்பா"ன்னாங்க. ஆர்ட் ஆளுகிட்ட கேட்டேன். "பொம்மையக் கொட்டகையில போட்டாச்சு மேடம். அவ ஏறி வந்துருப்பாள்ல?"ன்னான். ஆளாளுக்கு அவ இன்னொரு எடத்துல இருக்கான்னு அவ்வளவு உறுதியாச் சொல்லுதாங்க.

"வண்டியத் திருப்புங்க"ன்னேன்.

டிரைவர் திரும்பிப் பாத்தாரு. "மேடம், லென்ஸ் பெட்டி இதுலதான் இருக்கு. நாம போகாம அங்க ஒண்ணும் நடக்காது."

"தெரியும். திருப்புங்க."

டைரக்டர் தம்பி போன்ல வந்தாரு. "மேடம், வெளிச்சம் பத்து நிமிசந்தான்! ஒரு சிரிப்பு போட்டோவுக்காகவா? நீங்கதான் மூடநம்பிக்கைன்னு சொல்லுவீங்க!" அழுதுருவாரு போல இருந்துச்சு. "தம்பி, அவ எங்க இருக்கான்னு ஒருத்தராவது கண்ணால பாத்துச் சொல்லட்டும், நான் இந்தப் பக்கம் வாரேன்"ன்னேன். ஒருத்தரும் சொல்லல. நல்லாக் கேட்டுக்கோங்க, பிலோமி ஆபத்துல இருக்கான்னு அப்ப எனக்குத் தெரியாது. எங்கயோ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கலாம். அப்படி இருந்தா ஒரு நாள் ஷூட்டிங்கக் கெடுத்த கோட்டின்னு என்னைய எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. சிரிச்சுட்டுப் போட்டும்னு முடிவு பண்ண எனக்கு ஒரு நிமிசம் ஆகல. உங்களுக்கும் ஆகக் கூடாது.

அண்ணாச்சி அதே வண்டியில முன்னால இருந்தாரு.

வரப்புல எறங்கி ஓடுனோம். இடுப்பு போன மனுசன் எனக்கு முன்னால ஓடுதாரு. அம்பாரத்துல மொகம் தெரியுது. கண்ணு மூடியிருக்கு. தாடை வரைக்கும் உப்பு. கை வெளிய தெரியல. சொல்ல வெக்கமா இருக்கு, பொம்மை கொட்டகையில கெடக்குன்னு தெரிஞ்சும், பக்கத்துல போயி நின்ன பொறவும் அது ஆளா பொம்மையான்னு எனக்கே தெரியல. அவ்வளவு அசைவில்லாம இருந்துச்சு. பொம்மையா இருக்கணுமேன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு பாருங்க, அது எனக்கு இன்னைக்கும் மறக்கல. அண்ணாச்சி குத்தவச்சு, மூக்குக்கிட்ட பொறங்கையக் கொண்டு போனாரு.

"டீச்சர், சுடுது. தோண்டுங்க!"

டிரைவரும் சேந்து மூணு பேரும் கையாலயே தோண்டுனோம். உப்புக்கல்லு வெரல எல்லாம் கிழிச்சுட்டு. உள்ள பெட்டியோட ஒரு பக்கப் பலகை பிஞ்சு கெடந்துச்சு. ஜெனரேட்டர் லாரி வரப்பு ஓரமா போன அதிர்வுல பிஞ்சிருக்கு, உப்பு மொத்தமும் உள்ள சரிஞ்சு நெஞ்ச அழுத்திட்டு. கை ரெண்டும் உள்ள மாட்டிக்கிட்டு. நெஞ்சு வரைக்கும் எடுத்த பொறவுதான் அவ வாயத் தெறந்தா. தண்ணி கேட்டா. கொப்புளிச்சுத் துப்புனா. என்னையப் பாத்தா.

"வாயத் தெறந்தா உப்பு உள்ள போவும். மூச்ச இழுத்து விட்டா இன்னும் எறங்கும். அதான் கொஞ்சங்கொஞ்சமா விட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து தொடுவேன்னு சொன்னீங்கல்லா டீச்சர்" அப்படின்னா. திட்டியிருந்தாத் தேவல.

அண்ணாச்சிக்குக் கண்ணுல தண்ணி. பழக்க தோசத்துல, "ஒரு சிரிப்பு சிரிச்சிரு தாயி, திருஷ்டி கழிஞ்சுட்டும்"னுட்டாரு.

"யாரு, நானா? கோட்டியா புடிச்சிருக்கு உங்களுக்கு?" அப்பத்தான் அவளுக்குக் கோவம் வந்துச்சு. "நான் சிரிக்க மாட்டேன். நான் சிரிக்குத வரைக்கும் என் பொணத்தப் படத்துல போடக் கூடாது, ஆமா!"

ஆஸ்பத்திரியில காட்டுனோம். தோலு அங்கங்க கிழிஞ்சிருந்துச்சு, நெஞ்சு வலி ரெண்டு நாளு இருக்கும்னாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. வெளிச்சம் போச்சு, கதாநாயகி ஷாட் போச்சு. பலகை பிஞ்சதுதான் காரணம்னு எல்லாரும் எனக்காகப் பேசுனாங்க. பலகை பிஞ்சது பெட்டி செஞ்சவன் தப்பு, ஆள விட்டுட்டுப் போனது என் தப்புன்னு நான் யூனிட் முன்னாலயே சொன்னேன். டைரக்டர் தம்பி அந்த ஷாட்ட வெட்டிரலாம்னாரு. படத்துலயே நல்ல ஷாட் அது. அவ கெடந்த கெடப்பு வீணாப் போகக் கூடாதுன்னு எனக்கு. அவ சிரிக்கட்டும், பொறவு பாப்போம்னேன்.

மறுநாள் புன்னைக்காயலுக்குப் போனோம், நானும் அண்ணாச்சியும். வாசல்ல அவ அண்ணன் நிக்காரு. உள்ள வாங்கன்னு சொல்லல.

"டீச்சர், நான் கடலுக்குள்ள முங்கும்போது மேல வள்ளத்துல ஒரு ஆளு இருப்பாரு. அந்தக் காலத்துல முங்குத ஆளோட இடுப்புக் கயிறு புடிக்கது மச்சினனாத்தான் இருக்கணும்பாங்க. ஏன் தெரியுமா? அக்கா தாலி அவன் கையில இருக்கும், விடமாட்டான். இப்ப டியூபு வச்சு முங்குதோம். இப்பமும் என் மச்சினன்தான் மேல இருக்கான். நான் மேல வந்து வள்ளத்தப் புடிக்குத வரைக்கும் அவன் ஒரு பீடி பத்த வைக்க மாட்டான்." பொறவு கேட்டாரு. "எங்க தங்கச்சிக்கு அங்கன கயிறு புடிச்சது யாரு?"

அண்ணாச்சி என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. நான் கையக் காட்டி நிறுத்துனேன்.

"நான்தான்"ன்னேன்.

அவரு வாசல விட்டு விலகுனாரு. உள்ள பிலோமி தையல் மெஷின்ல உக்காந்திருந்தா. மன்னிப்புக் கேட்டேன். அவ ஊசியில நூலக் கோத்து முடிச்சா.

"சிரிக்கணும்னா ஒரு வழி இருக்கு. நீங்க படுங்க" அப்படின்னா.

"எங்க?"

"நான் கெடந்த எடத்துல."

நெஞ்சு வலி போகட்டும்னு ரெண்டு நாளு கழிச்சு உப்பளத்துக்குப் போனோம். பிஞ்ச பலகைக்குப் பதிலா இரும்புப் பெட்டி வந்திருந்துச்சு. அண்ணாச்சி வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாரு. நான் கண்ணாடியோட எறங்கிட்டேன். கழுத்து வரைக்கும் உப்பு. பிலோமி மெகாபோன எடுத்துக்கிட்டு, நான் நின்ன அதே வரப்புக்கு அண்ணாச்சியவும் கூட்டிட்டுப் போயிட்டா.

அங்க இருந்து பாத்தா வானம் மட்டுந்தான். மேக்கால இருந்து கச்சான் காத்து அடிக்கி, உப்பு மேல உரசி காதுக்குள்ள உஸ்ஸுன்னு ஒரே சத்தம். மூக்குல அரிக்கி, சொறிய முடியல. இப்ப கூப்பிடுவா, இப்ப கூப்பிடுவான்னு காத்துக் கெடக்கேன். சத்தமே இல்ல. ஒருவேள விட்டுட்டுப் போயிட்டாளோ? போனாலும் அது நியாயந்தானன்னு தோணுச்சு. தோணுன பொறவு பயம் வந்துச்சு பாருங்க, சின்ன வயசுல படிச்ச ஞானப்பாட்டு எல்லாம் வரிசையா வருது. அப்ப கன்னத்துல ஒரு வெரலு பட்டுச்சு.

"மூணு தடவ கட் சொன்னேன் டீச்சர். மெகாபோன்ல. கேட்டுச்சா?"

"இல்ல பிலோமி. ஒண்ணுமே கேக்கல."

"எனக்கும் கேக்கல" அப்படின்னா.

என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. புருவத்துல உப்பு, மூக்குல உப்பு, கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சு தொங்குது, நான் பேந்தப் பேந்த முழிக்கேன். அவளுக்கு மொதல்ல உதடு கோணுச்சு. பொறவு வயித்தப் புடிச்சுக்கிட்டு, அப்படியே உப்புல உக்காந்து சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு! எனக்கும் சிரிப்பு வந்துட்டு, உப்பும் வாய்க்குள்ள வந்துட்டு. அண்ணாச்சி படம் எடுத்துட்டாரு.

இந்தா பாருங்க, ஏழாம் பாகத்து ஷீட்டுல ஒட்டியிருக்கேன். சிரிக்கது பிலோமி. பொணமாக் கெடக்கது நான். டிக் அதுக்கு மேலயே போட்டிருக்கேன்.

திருஷ்டியில எனக்கு இன்னைக்கும் நம்பிக்கை கெடயாது. ஆனா பொம்மை சிரிக்காது. தூரத்துல இருந்து ஒருத்தரச் சிரிக்க வைக்கவும் முடியாது, எந்திரிச்சுப் பக்கத்துல போகணும். அண்ணாச்சி ஆறு பாகமா செஞ்சது அதத்தான். அவருக்கு அதச் சொல்லத் தெரியல, எனக்குக் கேக்கத் தெரியல.

அண்ணாச்சி இந்தத் தடவ வரல, புதுக்கோட்டையில பேரப்பிள்ளையளோட இருக்காரு. பிலோமி வாரா. எட்டாம் பாகத்துல வேற வேசம், கடைசி வரைக்கும் சாவாத ஆளே அவதானாம். முதல் நாளு செட்டுக்கு வந்ததும் உங்க மூணு பேரையும் நிக்க வச்சு ஒண்ணு கேப்பா: "இங்கன கயிறு யாரு கையில?" ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. மூணு பேரும் கையத் தூக்குங்க.